உங்கள் பணம், அனாமத்துக் கணக்கில்!

நம்ம ஊர் ஓட்டலில் பில் கொடுப்பதில் எந்த ரகசியமும் இல்லை. 340 ரூபாய் பில் என்றால், மெஷினில் 340 என்று அடித்து நம் முன்னால் நீட்டுவார்கள். பின் நம்பரைத் தட்டினால் 340 ரூபாய் போனதாக எஸ்.எம்.எஸ். வந்துவிடும். சர்வருக்கு ஏதாவது கொடுக்கணும் என்று தோன்றினால் சோம்புத் தட்டில் 20 ரூபாயை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கணக்கு முடிந்தது.

அதே மசால் தோசையை நியூ ஜெர்சியில் எடிசனிலோ, கலிஃபோர்னியாவில் சன்னிவேலிலோ உட்கார்ந்து சாப்பிட்டால், சாப்பாடு முடிந்த பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது.

அங்கே படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "60 டாலருக்குத்தான்மா சாப்பிட்டோம். அக்கவுண்ட்ல 72 டாலர் குறையுது" என்பார்கள். வேறு ஒருவர், "ஒரே பில்லை ரெண்டு தடவை எடுத்துட்டாங்க" என்பார். இங்கே இருக்கும் அம்மாவுக்குப் பதறும். "ஆறாயிரம் ரூபாய்க்கு மேல ஆச்சேடா! உடனே பேங்குக்கு போன் பண்ணு!"

போன் பண்ணினால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில்: "சார், அது டெபிட் இல்லை. ஹோல்டு. சில நாளில் தானாக விடுபட்டுவிடும்."

டெபிட் இல்லையாம். ஆனால், அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யவும் முடியாதாம். அப்படியானால் அது யார் பணம்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரியும். எங்கே எழுதுவது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் பக்கம். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளைகள் இதற்கு அழகாக 'அனாமத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் பணம், உங்கள் வங்கியில், உங்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆனால், அனாமத்தில் இருக்கிறது. ஹோல்டு என்பது இதுதான்.

* * *

இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தெரியாமல் திட்டக் கூடாது இல்லையா?

அமெரிக்க ரெஸ்டாரண்டில் சர்வர் உங்கள் கார்டை வாங்கிக்கொண்டு போவார். 60 டாலர் பில்லுக்குத் தேய்த்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து வைப்பார். அதில் 'டிப்' என்று ஒரு கோடு, 'டோட்டல்' என்று ஒரு கோடு. நீங்கள் டிப்ஸ் 12, மொத்தம் 72 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். இப்போது பல இடங்களில் கையடக்க மெஷினை மேஜைக்கே கொண்டுவந்து, டிப்ஸை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கார்டைத் தொடச் சொல்கிறார்கள். அங்கே இந்தத் தலைவலி குறைவு. ஆனால், பழைய ரசீது முறை இன்னும் ஒழிந்துவிடவில்லை.

ரசீது முறையில் கார்டைத் தேய்க்கும் நொடியில், கடைசித் தொகை எவ்வளவு என்று யாருக்குமே தெரியாது. கடைக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது. சில சமயம் உங்களுக்கே தெரியாது. அதனால் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம், அனுமதி. "இந்த ஆள் கணக்கில் 60 டாலர் இருக்கா?" என்று கடையின் மெஷின் கேட்கிறது. "இருக்கு. எடுத்துத் தனியா வெச்சுட்டேன்" என்கிறது வங்கி. இரண்டாம் கட்டம், வசூல். கடையை மூடும் நேரத்தில், டிப்ஸையும் சேர்த்து 72 டாலர் என்று அன்றைய பில்களை மொத்தமாக அனுப்புவார்கள். அது வங்கிக்கு வந்து கணக்கில் ஏற ஓரிரண்டு நாள் ஆகும். சனி, ஞாயிறு குறுக்கே வந்தால் இன்னும் இழுக்கும்.

இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில்தான் அனாமத்து உட்கார்ந்திருக்கிறது. அது மூன்று விதமாக விளையாடும்.

ஒன்று: டிப்ஸ் எப்படியும் வரும் என்று ஊகித்து, முதலிலேயே 20 சதவீதம் சேர்த்து 72 டாலரைப் பிடித்து வைப்பது. நீங்கள் டிப்ஸை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் கணக்கில் 72 குறைந்தே தெரியும். அமெரிக்காவில் விற்கும் பரிசு அட்டைகளின் பொடி எழுத்து விதிகளில் இதை எச்சரிக்கையாகவே போட்டிருப்பார்கள். 50 டாலர் அட்டையை 45 டாலர் பில்லுக்கு நீட்டினால், 'செல்லாது' என்று மெஷின் துப்பிவிடலாம். 45-உடன் 20 சதவீதம் சேர்த்தால் 54 ஆச்சே!

இரண்டு: 60-க்குப் பிடித்து வைத்துவிட்டு 72-க்கு வசூல் அனுப்புவது. ரெஸ்டாரண்டுகளுக்கு இப்படிக் கொஞ்சம் கூட்டி அனுப்ப கார்டு கம்பெனிகளின் விதிகளில் வெகுகாலமாகவே சலுகை உண்டு. பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஆனால், 60-ம் 72-ம் ஒரே சாப்பாட்டுக்குத்தான் என்று வங்கியின் கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கத் தவறினால், 72 கழிந்த பிறகும் அந்த 60 அனாமத்திலேயே தொங்கும். மொத்தம் 132 டாலர் முடங்கிப்போகும்.

மூன்று: நண்பர்கள் ஆறு பேர் சாப்பிட்டு, மொத்த பில்லையும் தப்பாக ஒரே கார்டில் தேய்த்துவிடுவது. "ஸாரி, கேன்சல் பண்ணிட்டேன்" என்று சொல்லி, ஆறு பேர் கார்டிலும் பிரித்துத் தேய்ப்பார்கள். கேன்சல் ஆனது கடையின் மெஷினில் மட்டும்தான். 'விட்டுவிடு' என்ற தகவலைக் கடை முறையாக வங்கிக்கு அனுப்பவில்லை என்றால், அந்த மொத்த பில்லும் முதல் ஆளின் கணக்கில் சில நாள் மாட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றிலும் யாரும் திருடவில்லை. அந்தப் பணம் கடைக்காரர் கைக்கும் போகவில்லை. அதனால்தான் புகார் கொடுத்தாலும் எல்லோரும் நல்லவர்களாகவே பேசுகிறார்கள்!

* * *

"இதில் சர்வர் மேல் என்ன தப்பு?" என்று கேட்டால், ஒரு தப்பும் இல்லை. அமெரிக்க மத்திய சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-ல் நிர்ணயித்தது, இன்னும் மாறவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்குத் தேவைப்படும் மீதி, டிப்ஸில் வர வேண்டும். வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் இந்த அரைக்கூலி முறையை ஏற்கவில்லை. மற்ற பல இடங்களில் டிப்ஸ் என்பது தர்மம் இல்லை, சம்பளம். ஆக, ஊழியருக்கு முதலாளி நேராகக் கொடுக்காத சம்பளம், வாடிக்கையாளர் எழுதும் கோட்டுக்கு நகர்ந்து, அங்கிருந்து அவர் வங்கிக் கணக்கில் ஹோல்டாக வந்து இறங்குகிறது.

சரி, 12 டாலர் இரண்டு நாள் தொங்கினால் குடியா முழுகிவிடும்?

கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு முழுகாது. ஹோல்டு விழுவது வங்கி கொடுத்திருக்கும் கடன் வரம்பின் மேல். 5,000 டாலர் வரம்பில் 72 குறைந்ததை அவர் கவனிக்கக்கூட மாட்டார். டெபிட் கார்டில் விழுவது சொந்தப் பணத்தின் மேல். அங்கே போய் இறங்கும் நம் மாணவர்களுக்கு 'கிரெடிட் ஹிஸ்டரி' கிடையாது. அதனால் பெரும்பாலும் அவர்கள் பையில் முதலில் வருவது டெபிட் கார்டுதான். படிப்பு நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கணக்கில் எப்போதும் கரையோரத் தண்ணீர்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். மாணவர் கையிருப்பு 180 டாலர். சாப்பாடு, டிப்ஸ் சேர்த்து 72. மீதி 108. நாளை மறுநாள் போன், இன்டர்நெட் பில்லுக்குத் தானாகக் கழிய வேண்டியது 90. ஒழுங்காகக் கூட்டிக் கழித்துத்தான் சாப்பிடப் போயிருக்கிறார். ஆனால், அந்த 60 டாலர் ஹோல்டு ஜோடி சேராமல் தொங்குகிறது. வங்கியின் பார்வையில் செலவு செய்யக்கூடிய தொகை 48. 90 டாலர் பில் வந்து கதவைத் தட்டுகிறது. ஒன்று, பணம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். போன் கம்பெனி அபராதம் போடும். அல்லது, வங்கி கொடுத்துவிட்டு 'ஓவர்டிராஃப்ட்' கட்டணம் போடலாம். ரொம்ப நாளாக அந்தக் கட்டணம் 35 டாலர் என்பதுதான் சாதாரண ரேட். கேபிடல் ஒன், சிட்டி வங்கிகள் 2022-ல் இதை எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே வருஷம் 10 டாலராகக் குறைத்தது. எல்லா வங்கிகளுக்கும் இந்தப் புத்தி வந்துவிடவில்லை.

பையன் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. கணக்குத் தெரிந்தவனாக இருந்ததுதான்!

"டெபிட் கார்டுக்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட வாடிக்கையாளர் சம்மதம் வேண்டுமே?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 2010-லிருந்து அந்த விதி இருக்கிறது. ஆனால், அது ஏ.டி.எம்.முக்கும் ஒருமுறை கார்டு தேய்ப்பதற்கும்தான். தானாகக் கழியும் மாதாந்திர பில்லுக்கும் செக்குக்கும் அது குடை பிடிக்காது. ஹோல்டு விழுவது ஓரிடம், அடி விழுவது வேறிடம்.

இது ஏதோ ஓரிரண்டு பேர் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில், அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ரீஜன்ஸ் வங்கி மேல் ஒரு நடவடிக்கை எடுத்தது. குற்றச்சாட்டு இதன் அண்ணன் முறை. ஏ.டி.எம்.மிலோ கடையிலோ கார்டைப் போடும்போது 'பணம் இருக்கு' என்று வங்கியே சொல்லிவிட்டு, சில நாள் கழித்துக் கணக்கு முடிக்கும்போது 'பணம் போதவில்லை' என்று கட்டணம் போட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை இப்படி வசூலித்ததற்காக, வாடிக்கையாளர்களுக்குக் குறைந்தது 14.1 கோடி டாலர் திருப்பித் தரவும், 5 கோடி டாலர் அபராதம் கட்டவும் உத்தரவானது. அனுமதிக்கும் வசூலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் எத்தனை கோடி புரள்கிறது பாருங்கள்.

* * *

ஹோல்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பெட்ரோல் பங்க்காரர் அடிக்க வருவார். அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். கார்டைச் சொருகும்போது நீங்கள் 10 டாலருக்குப் போடுவீர்களா, டாங்க் நிரப்புவீர்களா என்று பம்புக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கும். விசாவும் மாஸ்டர்கார்டும் 2022-ல் அதன் உச்சவரம்பை 125 டாலரிலிருந்து 175 டாலராக உயர்த்தின. லாட்ஜில் அறை எடுத்தால், போன், சாப்பாடு, உடைந்த கண்ணாடி என்று வரக்கூடியதற்கெல்லாம் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள். கடைசித் தொகை தெரியாத வியாபாரத்தில் விற்பவருக்கு ஒரு பிடி வேண்டும். நியாயம்.

நியாயமில்லாதது மௌனம். எவ்வளவு பிடிக்கிறீர்கள்? எத்தனை நாளைக்கு? யாரைக் கேட்டால் விடுவீர்கள்? இந்த மூன்றையும் மேஜையில் யாரும் சொல்வதில்லை. கடையைக் கேட்டால் "பேங்க்தான் சார் விடணும்". வங்கியைக் கேட்டால் "கடைக்காரர் விடச் சொல்லணும் சார்". நம்ம ஊர் தாலுகா ஆபீஸை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டோமோ என்று சந்தேகமே வந்துவிடும்.

சொல்லத் தெரியாதவர்களும் இல்லை அவர்கள். நீங்கள் வங்கியில் ஒரு செக் போட்டால், அந்தப் பணத்தை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் 1987-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வழக்கத்தைவிட அதிக நாள் நிறுத்தினால் வாடிக்கையாளருக்கு அறிவிப்பு தர வேண்டும். கணக்குக்குள் வரும் பணத்தை நிறுத்த இவ்வளவு ஒழுங்கு. ஏற்கெனவே கணக்கில் இருக்கும் பணத்தைக் கார்டு வழியாக நிறுத்தும்போது மட்டும், பெரும்பாலும் கார்டு கம்பெனிகளின் விதிப்புத்தகமும் வங்கியின் பொடி எழுத்தும்தான் சட்டம்.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பழைய காலத்தில் புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நினைவிருக்கும். செக்கைக் கொடுத்துவிட்டு, பங்கும் கிடைக்காமல், பணமும் திரும்பாமல் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். 2008-ல் செபி அமைப்பு 'அஸ்பா' என்ற முறையைக் கொண்டுவந்தது. 2016 ஜனவரியிலிருந்து எல்லா முதலீட்டாளர்களுக்கும் அதுதான் கட்டாயம். பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். விண்ணப்பித்த தொகை மட்டும் பிளாக் ஆகும். அதற்கு வட்டியும் உங்களுக்கே. பங்கு கிடைத்தால் அதற்கான தொகை கழியும், கிடைக்காவிட்டால் பூட்டு திறக்கும். இப்போது யூ.பி.ஐ. மூலம் செய்தால், எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை என்று போன் திரையில் காட்டி, நீங்கள் பின் நம்பர் போட்ட பிறகுதான் பூட்டே விழும்.

இதுவும் ஹோல்டுதான். ஆனால், யாரும் அம்மாவுக்குப் போன் போட்டு அலறுவதில்லை. ஏனென்றால், பூட்டியதே நாம்தான்.

சபாஷ் போட்ட கையோடு ஓர் எச்சரிக்கையும். 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, யூ.பி.ஐ.யில் 'ஒருமுறை பிளாக், பலமுறை டெபிட்' என்ற வசதி வரும் என்று அறிவித்தது. ஓட்டல் புக்கிங், ஆன்லைன் ஷாப்பிங், பங்கு வாங்குதல் எல்லாவற்றுக்கும் ஒரு தொகையைப் பூட்டி வைத்துவிட்டு, வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நல்ல வசதிதான். ஆனால், பங்குச் சந்தையில் மட்டும் இருந்த பூட்டு இனி அன்றாடச் செலவுக்கும் வருகிறது என்று அர்த்தம். பூட்டுகள் பெருகும்போது, அஸ்பாவின் ஒழுங்கு கூடவே வருகிறதா, அல்லது அமெரிக்க ரெஸ்டாரண்டின் மௌனம் வருகிறதா என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தாமதத்துக்கு விலை வைக்கவும் நமக்குத் தெரியும். கடையில் கார்டு போட்டு, கணக்கில் பணம் கழிந்து, கடைக்குத் தகவல் போகாமல் பாதியில் நின்றுவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகப் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. புகாருக்குக் காத்திருக்காமல் வங்கியே கொடுக்க வேண்டும். இது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு இருக்கும் இந்த 100 ரூபாய்ச் சாட்டை, காலம் கடந்தும் விடுபடாத ஹோல்டுக்கும் வர வேண்டும். இங்கேயும் சரி, அங்கேயும் சரி. ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு டாலர் என்று வைத்துப் பாருங்கள். ஜோடி சேராத கம்ப்யூட்டரெல்லாம் ஒரே ராத்திரியில் ஜோடி சேர்ந்துவிடும்!

* * *

அதுவரைக்கும் என்ன செய்வது? அமெரிக்காவில் பிள்ளை இருக்கிறவர்கள் இந்த வாரம் போனில் பேசும்போது சொல்லி வையுங்கள்.

ரெஸ்டாரண்ட், பெட்ரோல் பங்க், லாட்ஜ் இந்த மூன்றிலும் முடிந்தவரை டெபிட் கார்டை நீட்ட வேண்டாம். கிரெடிட் கார்டு கிடைத்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாம். கிடைக்கும்வரை, சாப்பாட்டுக்கு ரொக்கம். பெட்ரோலுக்குப் பம்பில் கார்டைச் சொருகாமல், உள்ளே போய் "20 டாலருக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம். தொகை தெரிந்துவிட்டால் ஊகத்துக்கு வேலை இல்லை. லாட்ஜில் சாவி வாங்கும்போதே "எவ்வளவு ஹோல்டு, எப்போது விடுவீர்கள்?" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். ரசீதைப் பணம் கழியும்வரை கிழித்துப்போடக் கூடாது. இரண்டு தொகை தெரிந்தால், ஒன்று 'பெண்டிங்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் நிஜமாகவே கழிந்திருந்தால்தான் அது சண்டைக்குரிய விஷயம்.

ஆனால், இதெல்லாம் குடை. மழையை நிறுத்தும் வழி இல்லை. 180 டாலர் வைத்திருப்பவர் ஒவ்வொரு தோசைக்கும் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், 18,000 டாலர் வைத்திருப்பவருக்கு ஹோல்டு என்ற வார்த்தையே தெரிய வேண்டியதில்லை என்றால், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது. கடைசித் தொகை தெரியாமல் இருப்பது வியாபாரத்தின் சிக்கல். அந்தச் சிக்கலின் செலவைத் தாங்குபவரோ, கணக்கில் மிகக் குறைவாக வைத்திருக்கும் ஆள்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கார்டைத் தேய்த்ததும் மெஷினிலிருந்து எப்படியும் ஒரு காகிதம் வருகிறது. அதில் இரண்டு வரி கூடுதலாக அச்சடிக்க வேண்டும். 'பிடித்து வைத்திருப்பது 72 டாலர். விடும் தேதி இது.' மசால் தோசைக்குள் என்னென்ன அலர்ஜிப் பொருள் இருக்கிறது என்று மெனுவில் அச்சடிக்கிற ஊரில், இந்த இரண்டு வரிக்கு இடமில்லை என்றால் யார் நம்புவார்கள்?